பனிமனிதன் காலுக்கு அச்சு எடுக்கப் போனது

எனக்குத் தெரிந்த ஒரே மலை பரங்கிமலை. அதுவும் மின்சார ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான். ஏறினதில்லை.

என் பெயர் சலீம். வீடு சைதாப்பேட்டை. வேலை வடபழனியில், சினிமா செட்டுகளுக்கு அச்சு எடுப்பது. தூண், சிலை, ராஜா முகம், ராட்சசன் கால் எல்லாம் பிளாஸ்டர் மாவில் செய்வோம். முப்பது வருஷமாக இதுதான். படிப்பு ஐந்தாவது வரை. இதை எழுதச் சொன்னவர் ராமதுரை சார். போன இடத்தில் அவரால் பாதிகூடப் பார்க்க முடியவில்லை. நீ பார்த்ததை எழுது, மாமி எனக்குப் படிச்சுக் காட்டட்டும் என்றார். எழுதுகிறேன்.

சாருக்கு மயிலாப்பூர். ஒவ்வொரு புரட்டாசியிலும் அவர் வீட்டுக் கொலு பொம்மைகளுக்கு உடைந்த கை கால் ஒட்டித் தருவேன். அப்படித்தான் பழக்கம். தை மாதம் கூப்பிட்டு அனுப்பினார். பொம்மை வேலை என்று நினைத்துப் போனேன்.

"சலீம், பனி பாத்திருக்கியா?"

"மீன் மார்க்கெட்ல ஐஸ் பாத்துக்கீறேன் சார்."

மாமி சிரித்தார். சார் சிரிக்கவில்லை. அப்புறம் சொன்னார்.

இருபத்தேழு வயதில் ஆபீஸ் நண்பர்களோடு நேபாளத்துக்கு மலை ஏறப் போயிருக்கிறார். ஒரு மத்தியானம் தனியாக நடந்தபோது பனியில் காலடித் தடம் பார்த்திருக்கிறார். மனுஷன் கால் மாதிரி, ஆனால் இவர் காலைப் போல இரண்டு பங்கு. வரிசையாகப் போய் ஒரு பாறைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. போட்டோ எடுத்தார். இறங்கும்போது ஓடையில் விழுந்து பிலிம் போய்விட்டது. ஊருக்கு வந்து ஆபீஸில் சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு ஆபீஸில் பெயர் பனிமனுஷன்.

"ரிடையர் ஆன அன்னிக்கு மாலையோட ஒரு குரங்கு பொம்மை குடுத்தா. எல்லாரும் கை தட்டினா. நானும் சிரிச்சுண்டு வாங்கிண்டேன்."

அந்தக் குரங்கை எனக்குத் தெரியும். கொலுவில் கடைசிப் படியில் இருக்கும். ஒரு தடவை அதற்கு வால் ஒட்டியிருக்கிறேன்.

"முப்பத்தொன்பது வருஷம் ஆச்சு. இப்போ கண்ணுல அழுத்தம். குழாய் வழியா பாக்கற மாதிரிதான் தெரியறது. அடுத்த வருஷம் அதுவும் இருக்காதுன்னுட்டார் டாக்டர். அன்னிக்குப் பாத்தது நிஜமா இல்லையான்னு எனக்குத் தெரியணும். போட்டோ எடுத்து நான் என்ன பண்றது? அச்சு வேணும். கையால தடவிப் பாக்கணும்."

எத்தனை கிலோ மாவு ஆகும் என்று மனதில் கணக்குப் போட்டேன்.

"ஒரே ஒரு கண்டிஷன். என் கையில நீ எதை வெச்சாலும் நான் நம்பித்தான் ஆகணும். கண்ணை ஏமாத்தறதுதான் உன் தொழில். என்கிட்ட அது வேண்டாம்."

"சரி சார்" என்றேன்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி நூர்ஜஹான் உருதுவில் கேட்டாள்: "பேய் பிடிக்கப் போறீங்களா?"

"இல்லை. அதோட கால் தடம் மட்டும்தான்."

"கால் தடம் இருந்தா மேலே உடம்பும் இருக்குமே."



முதலில் பழகிப் பார்க்க வேண்டும் என்றார் சார். விடிந்ததும் நொச்சிக்குப்பத்துக்குப் போனோம். ஈர மணலில் மீனவர்கள் நடந்த தடத்தில் மாவு ஊற்றினேன். வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் நின்று பார்த்தார்.

"இன்னா பாய், என் காலை எடுத்துக்கினு போய் இன்னா பண்ணப்போறே? கோயில் கட்டப்போறியா?"

"ஆமா. உண்டியல் மட்டும் எனக்கு" என்றேன்.

இறுகினதும் எடுத்து மணலைத் துடைத்து சார் கையில் கொடுத்தேன். விரல் விரலாகத் தடவினார். "இவருக்குச் சுண்டுவிரல் இல்லை" என்றார்.

மீனவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "போட் மோட்டார்ல போச்சு நைனா. உனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சேனே?"

ஆறு தடம் எடுத்தேன். ஆறும் அப்படியே வந்தன. எனக்கு நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கைதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

பங்குனிக் கடைசியில் கிளம்பினோம். காட்மாண்டுவில் இறங்கின அன்று மலையே தெரியவில்லை. ஒரே தூசி. மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட நம் மவுண்ட் ரோடு மாதிரி இருந்தது. சாருக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. ஹிந்தி வராது. எனக்கு வீட்டில் உருது என்பதால் ஹிந்திக்காரர்களோடு சமாளித்துவிடுவேன். டீக்கடை, ஜீப், தங்கும் இடம் எல்லாவற்றுக்கும் நான்தான் பேசினேன். அங்கே எல்லோரும் என்னைப் 'பாய்' என்றார்கள். நம் ஊரில் தொப்பியைப் பார்த்து 'பாய்' என்பார்கள். அங்கே அதற்கு அண்ணன் என்று அர்த்தம், சாரும் பாய்தான். அவருக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள் ஜீப். பதினொரு பேர் இருந்தோம். என் மடியில் ஒரு ஆட்டுக்குட்டி. வழியில் ஒரு சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் எங்கள் மூட்டையைக் குத்திப் பார்த்தார். வெள்ளை மாவு. பிசைந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். என்ன மாவு என்று நான் எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. கடைசியில் ஒரு டம்ளரில் கரைத்து அவர் கட்டைவிரலை அதில் வைக்கச் சொன்னேன். வைத்தார். கொஞ்ச நேரத்தில் துள்ளினார்.

"பாய், சூடாகுது!"

"ஆமா. இறுகும்போது சூடாகும். அது அப்படித்தான்" என்றேன்.

விரலை எடுத்ததும் உள்ளே ரேகையோடு பள்ளம் இருந்தது. மற்ற போலீஸ்காரர்கள் கூடிச் சிரித்தார்கள். டம்ளரை அவரே வைத்துக்கொண்டார். எங்களை விட்டுவிட்டார். சூடாகுது என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. மண்டையில் விழவில்லை.

மூன்றாம் நாள் ஜீப் சேற்றில் இறங்கிவிட்டது. தள்ளினோம். சக்கரத்து அச்சு முறிந்துவிட்டது. அங்கிருந்து நடைதான். சார் நடப்பதில் கெட்டி. தினமும் மெரினாவில் நடக்கிறவர். ஆனால் கல் தெரியாது. என் துண்டின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு முன்னால் போவேன். மறு முனையை அவர் பிடித்துக்கொள்வார். படி இருந்தால் ஒரு இழுப்பு. பள்ளம் இருந்தால் இரண்டு. பேசவே வேண்டாம்.

ஆற்றுக்கு மேலே கம்பிப் பாலம். நடுவில் போகும்போது எதிரே கோவேறு கழுதைகள் வந்துவிட்டன. ஒதுங்க இடமில்லை. சாரைக் கம்பியோடு ஒட்டி நிறுத்தி நான் குறுக்கே நின்றேன். பன்னிரண்டு கழுதைகளும் மூட்டையோடு என் முதுகை உரசிக்கொண்டு போயின. பாலம் ஊஞ்சலாக ஆடியது. கீழே அடையாறு மாதிரி தூங்கும் ஆறு இல்லை. வெள்ளையாக இரைந்துகொண்டு ஓடியது.

"என்னது சலீம்?"

"கழுதை சார்."

"எவ்ளோ?"

"போயிருச்சு சார்."

சாப்பாடு இரண்டு வேளையும் பருப்பும் சோறும். கேட்கக் கேட்கப் போடுவார்கள். மேலே போகப் போக அரிசி இல்லை, உருளைக்கிழங்குதான். வேகவைத்துத் தோலோடு கொண்டுவந்து கொட்டுவார்கள். உப்பும் மிளகாயும் அரைத்துத் தொட்டுக்கொள்ள. நன்றாக இருந்தது. டீயில் உப்பும் வெண்ணெயும் போடுகிறார்கள். டீ என்று நினைத்தால் இறங்காது. கஞ்சி என்று நினைத்துக் குடித்தேன். அறுத்த முறை தெரியாததால் நான் கறி தொடவில்லை. சார் எப்போதுமே தொடமாட்டார். பத்து நாளும் இரண்டு பேருக்கும் ஒரே தட்டு மாதிரிதான்.

கடைசி கிராமத்தில் பாசாங் என்கிறவர் வீட்டில் தங்கினோம். நாற்பது வயது இருக்கும். யாக் மாடு மேய்க்கிறவர். இமாசலத்தில் ரோடு போடப் போய் ஹிந்தி கற்றவர். இங்கிலீஷ் தெரியாது. எங்கள் தட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே சாதியா?"

சாரிடம் சொன்னேன். அந்தப் பயணத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பனிமனிதனைப் பற்றிக் கேட்கச் சொன்னார். கேட்டேன். பாசாங் அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்: "எங்க அப்பா நம்பினார். அதோட பேரைச் சொல்லவே பயப்படுவார். நான் அதைப் பாத்ததில்லை. இல்லைன்னும் சொல்லமாட்டேன்."

அதை அப்படியே சாரிடம் சொன்னேன். சார் தலையாட்டினார்.

அந்த உயரத்தில் எனக்குத் தலை பிளந்தது. பாசாங்கின் மனைவி பூண்டு நசுக்கிப் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தார். ரசத்தில் புளியை மறந்துவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். சார் என் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் துணி மாற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் கிண்ணம் எங்கே என்று ஒவ்வொரு தடவையும் கையால் தேடுவார்.

மூன்றாம் நாள் காலை பாசாங் மேல் மேய்ச்சலிலிருந்து வேகமாக இறங்கி வந்தார். தடம் இருக்கிறது என்றார். புதுசு, இன்று விடியலில் போனது. வெயில் ஏறுவதற்குள் வாருங்கள் என்றார்.

இரண்டு மணி நேரம் ஏறினோம். பனியில் அன்றுதான் கால் வைத்தேன். மணல் மாதிரிதான் இருந்தது, கொஞ்சம் முறுமுறுப்பாக. ஒரு பெரிய பாறை. அதன் ஓரமாக வரிசையாகத் தடம். ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் மேல். ஐந்து விரல். விரலுக்கு முன்னால் சிறு கீறல்கள். பனி உதிர்ந்தது என்று நினைத்தேன். சார் மூச்சு வாங்கிக்கொண்டே முழங்காலிட்டு உட்கார்ந்தார். குழாய்ப் பார்வையில் வெள்ளைக்குள் வெள்ளை தெரியவில்லை. தொட்டால் கலைந்துவிடும் என்று தொடவில்லை.

"ஊத்து சலீம்" என்றார்.

நல்ல தடமாகப் பார்த்து ஊற்றினேன். நொச்சிக்குப்பத்தில் ஊற்றின மாதிரியே. அதே பதம், அதே கனம்.

கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் நீர் கசிந்தது. மாவு மெல்ல உள்ளே இறங்கியது. தொட்டேன். சுட்டது. அப்போதுதான் போலீஸ்காரர் துள்ளினது ஞாபகம் வந்தது. நடிகர்கள் முகத்தில் அச்சு எடுக்கும்போது சுடுது சுடுது என்பார்கள். முப்பது வருஷமாகக் கேட்கிறேன். மணல் உருகாது. பனி உருகும். இதைச் சொல்ல எனக்கு யாரும் தேவையில்லை. ஆனாலும் தோன்றவில்லை. பனியைக் கண்டவனுக்குத்தான் அது தோன்றும்.

இறுகினதும் எடுத்தேன். ஒன்றரைச் சாண் தாண்டிவிட்டது. விரல்கள் மழுங்கிப் பருத்து ஒட்டியிருந்தன. குதிகால் நீண்டிருந்தது. கீறல்கள் இல்லை. பெரிய மனுஷன் கால் ஒன்று என் கையில் இருந்தது.

கெட்டுவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சார் கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் நீட்டிவிட்டார். வைத்தேன். தடவினார். குதிகாலிலிருந்து கட்டைவிரல் வரை, திரும்ப விரலிலிருந்து குதிகால் வரை.

"இதான்" என்றார். "இதேதான் சலீம். இதே அகலம். இதே மொட்டை விரல்."

சார் கண்ணில் நீர் வந்தது. துடைக்கவில்லை. அங்கே குளிரில் அது கன்னத்திலேயே நின்றது.

பாசாங் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "பாய், இது கரடி கால். நீங்க உருக்கிப் பெருசாக்கிட்டீங்க. வெயிலும் இதைத்தான் செய்யும். விடியல்ல கரடி போகும். மத்தியானம் வந்து பாத்தா ராட்சசன் போன மாதிரி இருக்கும்."

"என்ன சொல்றான்?" என்றார் சார்.

நான் மாவுக் கிண்ணத்தைத் துடைத்தேன்.

"பெருசா கீதுன்றாரு சார்" என்றேன்.

அன்றைக்கு உருளைக்கிழங்கு இறங்கவில்லை. சார் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார். மாமிக்கு போன் போட வேண்டும் என்றார். சிக்னல் இல்லை. ஊருக்குப் போனதும் பழைய ஆபீஸ்காரர்கள் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிடப் போகிறேன் என்றார். யார் யார் என்று பெயர் சொன்னார். இரண்டு பேர் செத்துவிட்டார்கள் என்று அவரே ஞாபகப்படுத்திக்கொண்டார்.

மறுநாள் விடியும்போதே பாசாங்கைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். பாறை நிழலில் இருந்த தடங்கள் உருகாமல் இருந்தன. இந்தத் தடவை இஸ்திரிக்காரர் மாதிரி வாயில் நீர் வைத்துத் தடத்தின் மேல் ஊதினேன். அது உறைந்து கண்ணாடி மாதிரி ஆனது. பனி நீரில் மாவு கரைத்தேன். ஒரு படலம். அது ஆறட்டும். அப்புறம் இன்னொரு படலம். விரல் மரத்துப்போனது. மூன்று மணி நேரம் ஆனது.

எடுத்துத் திருப்பினேன். சுத்தமாக வந்திருந்தது. என் வேலையில் அதைவிட நல்ல அச்சு வந்ததில்லை. அகலமான உள்ளங்கால், ஐந்து விரல், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு நகம். எத்தனையோ கால் செய்தவன் நான். சந்தேகமே இல்லை. கரடி.

பாசாங் பார்த்தார். "இதை இங்கேயே போட்டுடுங்க பாய். பெரியவர் சந்தோஷமா ஊர் போகட்டும்."

என் காலுக்குப் பக்கத்தில் ஒரு கல் கிடந்தது. ஒரு போடு போட்டால் அச்சு தூள். நின்றேன். என்கிட்ட அது வேண்டாம் என்று மயிலாப்பூரில் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

சார் வெயிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டையும் அவர் கையில் வைத்தேன்.

"ரெண்டும் ஒரே மிருகத்தோட கால் சார். பெருசு என் மாவு சூட்டுல உருகினது. சின்னது உருகாம எடுத்தது. நேத்தே பாசாங் சொல்ட்டாரு. நான்தான் சொல்லல."

சின்னதைத் தடவினார். முதல் நகத்தில் விரல் நின்றது. அப்புறம் ஒவ்வொன்றாகப் போனது. ரொம்ப நேரம் எடுத்தது. கீழே யாக் மணி கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்போ நான் அன்னிக்குப் பாத்தது?"

"மத்தியானம்னு சொன்னீங்க சார்."

"ம்."

சின்னதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "நேத்திக்கே ஏன் சொல்லலை?"

"வாய் வரல சார்."

 இறங்கும்போது பாசாங்கின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். என் துண்டைக் கேட்கவில்லை. பாசாங்குக்கு ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு தெரியாது. சார் இரண்டு இடத்தில் தடுக்கினார். நான் பின்னால் இரண்டு காலையும் சுமந்துகொண்டு வந்தேன். ஒன்றரை நாள் அப்படிப் போனது.

கம்பிப் பாலத்தருகில் பாசாங் விடைபெற்றுக்கொண்டார். சார் அங்கேயே நின்றார். ஆற்று இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார்.

"துண்டைக் குடு."

கொடுத்தேன். பாலத்தைக் கடந்த பிறகு கேட்டார்.

"நான் பொய் சொல்லலையே சலீம்? நான் பாத்தது அவ்ளோ பெருசாத்தான் இருந்தது, இல்லையா?"

"இருந்துது சார். நான் ஊத்தினதே அவ்ளோ பெருசாச்சே."

நடந்தார். துண்டு இழுபட்டுக்கொண்டே வந்தது.

கனத்துக்காகத் துணிகளை எல்லாம் காட்மாண்டுவில் தங்கின இடத்திலேயே கொடுத்துவிட்டோம். பைகளில் இரண்டு கால்கள்தான் ஊர் வந்தன.

கத்திரி வெயிலில் ஒரு நாள் மயிலாப்பூர் போனேன். சாருக்கு அந்தக் குழாயும் சுருங்கிவிட்டது. என் குரலைக் கேட்டுத்தான் திரும்பினார். எல்லோரையும் கூப்பிடவில்லை. ஒருவரை மட்டும் கூப்பிட்டிருந்தார். கேசவன் என்று பழைய ஆபீஸ்காரர். பனிமனுஷன் என்று முதலில் பெயர் வைத்தவர் அவர்தான் என்று மாமி சமையலறையில் என்னிடம் சொன்னார்.

கேசவன் உள்ளே வரும்போதே சத்தமாகக் கேட்டார்: "என்னடா பனிமனுஷா, பிடிச்சுண்டு வந்துட்டியா?"

சார் மேசை மேலிருந்த சின்ன அச்சை அவர் பக்கம் தள்ளினார்.

"கரடி" என்றார்.

கேசவன் சிரிப்போடு காத்திருந்தார். மேலே ஏதாவது வரும் என்று.

"கரடியா?"

"நான் அன்னிக்குப் பாத்ததும் கரடி கால்தான். வெயில்ல உருகிப் பெருசாயிருக்கு. இதோ, இவர்தான் கண்டுபிடிச்சார்."

கேசவன் அச்சைக் கையில் எடுத்தார். நகங்களைப் பார்த்தார். சிரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை.

"அப்போ கால் தடம் இருந்திருக்கு" என்றார்.

"இருந்தது."

காபி வந்தது. குடித்தார்கள். மகள், பேத்தி, முழங்கால் வலி என்று பேசினார்கள். போகும்போது வாசலில் நின்று, "வரேன் துரை" என்றார் கேசவன். அந்த மனுஷர் வாயில் அந்தப் பெயரை இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை என்றார் மாமி.

அவர் போன பிறகு மின்சாரம் நின்றது. காற்றாடி ஓயும் சத்தம் கேட்டது. எல்லோருக்கும் வேர்த்தது.

"சலீம், அந்தப் பெருசை எடு."

பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் இருந்தது. கேசவனுக்கு அதைக் காட்டவே இல்லை. எடுத்து வந்தேன்.

"கீழ வை. உள்ளங்கால் மேல பாக்கற மாதிரி."

தரையில் வைத்தேன். சார் நாற்காலியில் உட்கார்ந்தபடி செருப்பைக் கழற்றினார். காலை நீட்டித் துழாவினார். நான் அவர் கணுக்காலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தேன். அவர் உள்ளங்கால் அதன் மேல் படிந்தது. பாதிதான் வந்தது.

"சில்லுனு இருக்கு" என்றார்.

"ஆமா சார்."

மின்சாரம் வரும்வரை அவர் காலை எடுக்கவில்லை. வந்த பிறகும் எடுக்கவில்லை.